குமரி மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலராகச் சேரும் புதியவருக்கு

குரூப் 2 கலந்தாய்வில் 'நன்னடத்தை அலுவலர், சிறைத்துறை' என்ற இடத்தை எடுத்துவிட்டு, அது என்ன வேலை என்று பிறகு விசாரிப்பவர்கள் நிறைய. வீட்டிலும் "ஜெயில்லயா வேலை?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். சம்பளம் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையில்தான். ஆனால் காக்கி கிடையாது, சாவிக்கொத்து கிடையாது. நாளின் பெரும்பகுதி கோர்ட் வராந்தாவிலும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் கழியும். நீங்கள் எழுதும் இரண்டு மூன்று பக்க அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் ஒரு மாஜிஸ்திரேட் ஒரு பையனைச் சிறைக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று யோசிப்பார். சிறை நிர்வாகம் ஒருவருக்கு விடுப்பு கொடுப்பதா வேண்டாமா என்று பார்ப்பதும் அதை வைத்துத்தான். அந்த அறிக்கையை ஒழுங்காக எழுதப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அதனால் இங்கே அதிகம் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

மேசைக்கு என்னென்ன வரும்

முதல் வகைக் கோப்பு நீதிமன்றத்திலிருந்து வரும். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. சின்னக் குற்றமானால் பிரிவு 3-ன் கீழ் கண்டித்து அனுப்பிவிடலாம். பிரிவு 4-ல் முறி, அதாவது ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதிப் பத்திரம், எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தையின் பேரில் விடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. குற்றவாளி 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பிரிவு 6 வரும். அங்கே, சிறைக்கு அனுப்புவதுதான் சரி என்று முடிவு செய்வதற்கு முன் நீதிமன்றம் உங்களிடம் அறிக்கை கேட்டாக வேண்டும். கோப்பைத் திறந்ததும் முதலில் வயதையும் சட்டப்பிரிவையும் பாருங்கள். கஞ்சா வழக்கு என்றால் இன்னும் கவனம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 33, பதினெட்டு வயது நிரம்பியவருக்கு இந்தச் சலுகையைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. போதைப்பொருளை உட்கொண்டதற்கான பிரிவு 27 போல ஓரிரு விதிவிலக்குகள்தான் உண்டு. இதைப் பார்க்காமல் வீடு வீடாக ஏறி இறங்கி அறிக்கை தயாரித்தால் உழைப்பு வீண்.

இரண்டாவது வகை சிறையிலிருந்து வரும் விடுப்புக் கோப்பு. வெளியே எல்லாரும் பரோல் என்பார்கள். கோப்பில் 'சாதாரண விடுப்பு', 'அவசரகால விடுப்பு' என்று இருக்கும். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளை முதல் வாரமே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசரகால விடுப்பு. குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, பாகப்பிரிவினை, விதைப்பு அறுவடை, வைத்தியம் போன்றவை சாதாரண விடுப்புக்கான காரணங்கள். மனுவில் சொல்லியிருக்கும் காரணம் உண்மையா, ஆள் வந்து தங்கத் தோதான வீடு இருக்கிறதா, வந்தால் ஊரில் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்துச் சொல்வது உங்கள் வேலை.

மூன்றாவது, நீண்ட காலத் தண்டனையில் இருப்பவர்களின் முன்விடுதலைக்கான அறிக்கை. சட்டப்படி 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டிய ஆயுள் கைதிகளின் கோப்பெல்லாம் இதில் வரும். வேலை ஒன்றுதான், ஆனால் ஆழம் கூடுதல்: வெளியே உலகமே மாறியிருக்கும், போய்ச் சேர வீடு இருக்குமா என்பதே கேள்வியாக இருக்கும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் அது உங்கள் கோப்பே இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்தப் பிள்ளைகள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார்கள். அங்கே வேறு துறையின் நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். பதவிப் பெயர் ஒன்றாக இருப்பதால் தபால் மாறி வருவதுண்டு. வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று. சென்னை மாகாணத்தில் 1936-லேயே நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. அப்போது நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அந்தப் பழைய வரலாறு உங்கள் மேசைக்கும் வரும். ஜாமீன்தாரர் கொண்டுவரும் சொத்துப் பத்திரத்தின் மூலப் பிரமாணம் மலையாளத்தில் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரை அலுவலகத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: முகம் காட்டுங்கள்

நாகர்கோவில் கோர்ட்டோடு நின்றுவிடாதீர்கள். தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் கோர்ட், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று எல்லா இடத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மாஜிஸ்திரேட்டைப் பார்ப்பதைவிட, கோப்பு யார் கையால் உங்களுக்கு அனுப்பப்படுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் பயன். அறிக்கை கேட்டு உத்தரவு போட்டு, அது உங்களுக்கு வந்து சேராமல் வாய்தா தள்ளிப்போவது சாதாரணம். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தால் அது பாதி குறையும்.

அப்புறம் சிறை. நாகர்கோவில் மாவட்டச் சிறையில் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். நீண்ட தண்டனைக்காரர்கள் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருப்பார்கள். விடுப்புக் கோப்பு அங்கிருந்து வரும், வீடு இங்கே இருக்கும். கைதியை நேரில் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்த்து எழுதும் வழக்கத்துக்கு ஆரம்பத்திலேயே இடம் கொடுக்காதீர்கள். பாளை போகும் நாளில் மூன்று நான்கு கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனால் ஒரே பயணத்தில் முடியும்.

சிறையில் கேட்க வேண்டிய முதல் விஷயம்: மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, யார் வருகிறார்கள், கடைசியாக எப்போது வந்தார்கள். வீட்டில் போய் உட்கார்ந்தால் எல்லாருமே "மாசம் தவறாம பார்ப்போம்" என்பார்கள். பதிவேட்டில் அம்மா பெயர் மட்டும் வரிசையாக இருக்கும். மனைவி பெயர் ஒரு கட்டத்துக்குப் பிறகு இருக்காது. அந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

வீட்டு விசாரணை

கிளம்புவதற்கு முன் தீர்ப்பைப் படியுங்கள். முதல் தகவல் அறிக்கை போதாது. அதில் இருந்த பாதி சங்கதி விசாரணையில் விழுந்திருக்கும். இறந்தவர் யார், என்ன உறவு, எந்தத் தெரு, எதற்குத் தகராறு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பது இந்த மாவட்டத்தில் தனிக் கலை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். பலர் படகு ஏறுவதே கொச்சியில். அண்ணன் தம்பிகளைக் கையோடு பிடிக்க வேண்டுமானால் தடைக்காலம்தான் நல்ல நேரம். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவசரக் கோப்பு அதற்காகக் காத்திருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் அவசரமில்லாததைத் திட்டமிடலாம். குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பால் எடுத்து வீடு திரும்பியபின் மதியத்துக்கு மேல் போங்கள். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும், அதுவும் கோயிலுக்குப் போய் வந்த பிறகு.

வழி கேட்கும்போது கவனம். சாயாக்கடையில் நின்று "ஜெயில்ல இருக்கானே, அவன் வீடு எது?" என்று கேட்டால், அந்தக் குடும்பம் மறக்கப் பார்த்ததை நீங்கள் மறுபடி ஊருக்கு அறிவித்துவிட்டீர்கள். அப்பா பெயரையோ வீட்டுப் பெயரையோ சொல்லிக் கேளுங்கள். தலையாரி கூட வந்தால் வீடு சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உள்ளே போனதும் கேள்வியை ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கண்ணால் பாருங்கள். எத்தனை அறை, ஆள் வந்தால் எங்கே படுப்பார், வயசுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கிறதா, அடுப்பு எரிகிறதா, யார் வருமானத்தில் ஓடுகிறது. வீடு பழுது பார்க்க விடுப்பு கேட்டிருந்தால் ஓட்டை நிமிர்ந்து பாருங்கள். மழை ஒழுகின கறை சுவரில் இருக்கும், இல்லையென்றால் இருக்காது.

பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேச வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளச்சலுக்கு மேற்கே ஒரு வீடு. அங்கே மாமியாரும் மருமகளும். சிறையில் இருந்த மகனை விடுப்பில் அழைக்க மாமியார்தான் மனு போட்டிருந்தார். "அவன் நல்ல பையனாக்கும் சாரே, சேர்க்கைதான் சரியில்லாம போச்சு. எம்பிள்ள வரண்டாம்னு நான் சொல்லுவனா?" என்று கண்ணைத் துடைத்தார். மருமகள் சுவரோடு சாய்ந்து, குழந்தையின் காலை நீவிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மாமியார் சாயா போட அடுக்களைக்குப் போன நேரம் பார்த்துத்தான் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வாரம்னா பரவாயில்ல சார். முழு நாளும் குடுத்துராதீங்க. குடிச்சா அவருக்கு ஆளு தெரியாது." விடுப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். குறைந்த நாட்கள், தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று பரிந்துரை அமைந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். ஆனால் அதை யார் சொன்னார் என்பதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று யோசிக்க வேண்டும். "குடும்பத்தினரிடம் தனித்தனியே விசாரித்ததில்" என்றால் போதும். மனைவியின் பெயரைப் போட்டு எழுதினால், நாளைக்கு அடி வாங்குவது அவர்.

"அவர் நல்லவரா?" என்று கேட்காதீர்கள், அதற்கு விடையே கிடையாது. வந்தால் எங்கே தங்குவார், செலவுக்கு யார் கொடுப்பார், திரும்பக் கொண்டுபோய் விட யார் பொறுப்பு, முன்பு வந்திருந்தால் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

எதிர்த்தரப்பு வீடு

புதியவர்கள் தட்டிக்கழிக்கும் இடம் இதுதான். இறந்தவர் வீட்டில் போய் நிற்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் போகாமல் எழுதும் அறிக்கைக்குப் பாதி உயிர்தான். கைதி வீட்டுக்குப் போன அதே ஆட்டோவில் நேரே அங்கே போகாதீர்கள். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்தால் வேறொரு நாள் போங்கள்.

"விடுப்பு கொடுத்தால் ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் வரும், அதில் நீங்கள் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. எதற்குப் பயப்படுகிறீர்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் சமீபத்தில் ஏதாவது பேசினார்களா, எந்த வழியாகப் போய் வருவீர்கள், அவரைப் பார்க்க நேருமா என்று கேளுங்கள். துக்கத்தில் வரும் எதிர்ப்பு வேறு, ஆபத்தால் வரும் பயம் வேறு. இரண்டையும் மதியுங்கள், ஆனால் அறிக்கையில் கலக்காதீர்கள். இந்த வீடுகளில் பிள்ளைகள் படிப்பு நின்றிருந்தால் அதையும் குறியுங்கள். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்று அந்தக் குடும்பத்துக்கு இதுவரை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

காவல் நிலையத்தில் ஒரு வரி தயாராக இருக்கும்: "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது." அதை அப்படியே உங்கள் தாளில் இறக்கி வைக்காதீர்கள். எந்தச் சம்பவம், எந்தத் தேதி, வழக்கு எண் என்ன என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால், குறிப்பிட்டுச் சொல்லும்படி சம்பவம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதுங்கள். கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையையும் ஊர்க்கமிட்டியையும், உள்ளூரில் வார்டு உறுப்பினரையும் பாருங்கள். ஆனால் அவர்களும் ஏதாவது ஒரு பக்கத்துக்கு உறவாகவே இருப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

தேதியையும் யோசியுங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பர் 3-ல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று இரண்டு குடும்பமும் ஒரே கூட்டத்தில் நிற்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களைத் தவிர்த்து விடுப்பு கொடுக்கலாம் என்று எழுதினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அறிக்கை எழுதும்போது

கண்டது, கேட்டது, என் கருத்து. இந்த மூன்றும் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். ஒரு மோசமான பத்தி இப்படி இருக்கும்: "மனுதாரரின் வீடு வசதிக் குறைவானது. ஊரில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. விடுப்பு வழங்கப் பரிந்துரைக்கவில்லை." யார் சொன்னது, எந்த ஊர், என்ன வசதி, ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: "வீடு இரண்டு அறை, ஓட்டுக்கூரை. பின்னறைச் சுவர் இடிந்துள்ளதை நேரில் பார்த்தேன். தாயும் தம்பியும் தங்குகிறார்கள். தம்பி கட்டட வேலை. பக்கத்து வீட்டார் இருவரும் ஆட்சேபம் இல்லை என்றனர். எதிர்த்தரப்பினர் அதே தெருவில் வசிப்பதால் நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பு உண்டு. மனுதாரர் திருநெல்வேலியில் உள்ள சகோதரி வீட்டில் தங்க அந்த வீட்டார் சம்மதித்துள்ளனர்." இதைப் படிக்கும் அதிகாரிக்கு முடிவெடுக்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

புதியவர்களின் பயம் எனக்குப் புரியும். பரிந்துரைத்து, ஆள் திரும்பி வராமல் போனால் என் தலையில் விழுமே என்று தோன்றும். அதனால் 'பரிந்துரைக்கவில்லை' என்பதே பாதுகாப்பான வார்த்தையாகப் படும். அது பாதுகாப்பும் இல்லை. காரணம் இல்லாமல் மறுத்தால் குடும்பம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். உங்கள் இரண்டு வரி அறிக்கை அங்கே சத்தமாக வாசிக்கப்படும். மறுக்க வேண்டியிருந்தால் தாராளமாக மறுங்கள், ஆனால் காரணம் தாளில் இருக்க வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டுக்கு நடுவில் நிறைய இடம் இருக்கிறது: நாட்களைக் குறைக்கலாம், வேறு ஊரில் தங்கச் சொல்லலாம், வழிக்காவலுடன் (போலீஸ் துணையோடு) அனுப்பச் சொல்லலாம், தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துக் கேட்கலாம்.

நீதிமன்ற அறிக்கையை மூடின உறையில் கொடுங்கள். 1958 சட்டத்தின் பிரிவு 7 அதை ரகசியம் என்கிறது. ஆனால் சாராம்சத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து அவர் தரப்பைக் கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே எழுதும் ஒவ்வொரு வரியும் ஒருநாள் சம்பந்தப்பட்டவர் காதில் விழும் என்று நினைத்தே எழுதுங்கள்.

கண்காணிப்பில் இருப்பவர்கள்

மேற்பார்வை உத்தரவு போட்டால் குறைந்தது ஒரு வருடம் அந்த ஆள் உங்கள் பொறுப்பு. முறி அதிகபட்சம் மூன்று வருடம். முதல் சந்திப்பிலேயே நிபந்தனைகளை அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். கோர்ட்டில் வாசித்தபோது அவர் காதில் எதுவும் ஏறியிருக்காது. வேலை நாளில் காலை பத்து மணிக்கு வா என்று கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். பிறகு அவர் வரமாட்டார். சாயங்காலம் வரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் போங்கள்.

குமரியில் அடிக்கடி வரும் சிக்கல் வெளியூர் வேலை. ஒருவர் கொச்சியில் படகு ஏற வேண்டும் என்பார், ஒருவர் களியக்காவிளை தாண்டிக் கட்டட வேலைக்குப் போவார், ஒருவருக்கு வளைகுடாவுக்கு விசா வந்திருக்கும். வாய்மொழியாக "போய்ட்டு வா" என்று சொல்லிவிடாதீர்கள். பிரிவு 8-ன் கீழ் முறியின் நிபந்தனைகளை மாற்றக் கேட்டு நீங்களே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நடத்தை நன்றாக இருந்து இனி கண்காணிப்புத் தேவையில்லை என்றால் முறியையே முடித்துவைக்கவும் கேட்கலாம். நிபந்தனை மீறினால் பிரிவு 9. முதல் முறை மீறலுக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம் விதித்து முறியைத் தொடர விடும் வழியும் அதில் இருக்கிறது. தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கூண்டில் ஏறி நிற்பதுதான் அங்கே தண்டனை.

எல்லாரும் கேட்கும் கேள்வி: "சார், கேஸ் போயிருமா?" பிரிவு 12-ன்படி, நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு வராது. ஆனால் தீர்ப்பே அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேலைக்கோ விசாவுக்கோ படிவம் நிரப்பும்போது மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அது தனிப் பிரச்சினை.

சில்லறை விஷயங்கள்

சாயா குடிக்கலாம். பலாப்பழம், மீன் பொதி, தேங்காய் வேண்டாம், எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் வேண்டாம். எதிர்த்தரப்பு அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மலையோரக் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் போவதானால் வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, திரும்பும் பஸ் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். பெண் அலுவலர்கள் பதற்றமான ஊர்களுக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. துணைக்கு ஆள் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விடுதலையாகி வருபவருக்கு அறிவுரையைவிட ஆதாரும் ரேஷன் அட்டையும்தான் முதலில் தேவை. உள்ளே இருந்த காலத்தில் அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயரைத் திரும்பச் சேர்க்க நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால், அவர் பத்து நாள் அலைவது மிச்சம்.

விசாரணைக்குப் போன தேதி, நேரம், பார்த்த ஆட்கள் எல்லாவற்றையும் அன்று இரவே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த அறிக்கையைப் பற்றி வக்கீல் குறுக்கு விசாரணை செய்யும்போது கையில் இருப்பது அந்த நோட்டுதான். பயணப்படிப் பட்டியலில் உள்ள தேதியும் நோட்டில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று மாதக் கடைசியில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.